ஐட்லிங் இறங்காத பழைய எம்.பி.எஃப்.ஐ. வண்டி: உங்களுக்குக் கோளாறு எங்கே கிடைத்தது?

நாகர்கோவில்:

என்னிடம் இருப்பது 2003 மாடல் மாருதி ஜென், எம்.பி.எஃப்.ஐ., அதாவது கார்புரேட்டர் இல்லாமல் கம்ப்யூட்டர் பார்த்துப் பெட்ரோல் தெளிக்கிற வகை. போன மழை முடிந்த பிறகு இன்ஜின் நன்றாகச் சூடான நிலையிலும் ஐட்லிங், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் சுற்றுகிற வேகம், நிமிடத்துக்கு 1600, 1700 என்று நிற்க ஆரம்பித்தது. இருக்க வேண்டியது 850 பக்கம். என் வண்டியில் ஆர்.பி.எம். மீட்டர் கிடையாது, அந்தக் கணக்கு பிறகு ஸ்கேனர் மாட்டியபோது தெரிந்தது. ஆனால் வெட்டூர்ணிமடத்தில் டிராஃபிக்கில் நிற்கும்போது பக்கத்து ஆட்டோக்காரர் "ஏன் அண்ணே ரேஸ் பண்ணிட்டே நிக்கிய?" என்று கேட்டால் மீட்டர் எதற்கு? முதல் கியரில் கிளட்சை விட்டால் ஆக்சிலேட்டரைத் தொடாமலே பார்வதிபுரம் போய்விடலாம்.

ஒர்க்‌ஷாப்பில் முதல் வேலையாக ஸ்குரூடிரைவரோடு வந்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கார்புரேட்டர் வண்டியில் ஸ்லோ ஸ்குரூவைத் திருகலாம், அது அதற்காகவே இருப்பது. இதில் த்ராட்டில் பாடியில் (இன்ஜினுக்குக் காற்று நுழைகிற வாய்) தெரிகிற ஸ்குரூ, உள்ளே இருக்கும் தட்டு எந்த இடத்தில் மூடி நிற்க வேண்டும் என்பதற்கு. கம்பெனியிலேயே வைத்து பெயின்ட் அடித்து விடுவார்கள். அதை அசைத்தால் த்ராட்டில் பொசிஷன் சென்சார் காட்டும் அளவும் மாறிப்போய், கால் எடுத்தாயிற்றா இல்லையா என்பதே கம்ப்யூட்டருக்குக் குழம்பும். அப்புறம் "ஐட்லிங் வால்வு போயிருக்கும், புதுசு போட்டுப் பார்ப்போம்" என்றார்கள். தட்டு மூடியிருக்கும்போது இன்ஜினுக்குக் காற்று விடுகிற வால்வு அது. போட்டுப் பார்ப்போம் என்கிற வார்த்தை கேட்டாலே எனக்குப் பர்சைத் தொட்டுப் பார்க்கத் தோன்றும், வண்டியை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

யோசித்துப் பார்த்தால் விஷயம் இவ்வளவுதான். பெட்ரோல் இன்ஜினில் வேகத்தைத் தீர்மானிப்பது உள்ளே போகிற காற்று. உள்ளே வந்த காற்றுக்குத் தக்கபடி பெட்ரோலைத் தெளிக்கத்தான் கம்ப்யூட்டர். ஐட்லிங் ஏறி நிற்கிறது என்றால் எங்கேயோ கூடுதலாகக் காற்று போகிறது, அது எந்த வழி என்பதுதான் கேள்வி. தட்டு முழுசாக மூடாமல் இருக்கலாம், ஐட்லிங் வால்வு கரி பிடித்துத் திறந்தபடி மாட்டியிருக்கலாம், தட்டுக்குப் பிறகு ஏதாவது ஹோஸ் வெடித்திருக்கலாம், இல்லையென்றால் இன்ஜின் இன்னும் ஆறிக்கிடக்கிறது என்று நினைத்துக் கம்ப்யூட்டரே வேண்டுமென்று கொடுத்துக்கொண்டிருக்கலாம்.

இதைப் பிரித்துப் பார்க்க ஒரு காசு செலவில்லாத வழி: ஏர் ஃபில்டரிலிருந்து வரும் பெரிய குழாயைக் கழற்றிவிட்டு, இன்ஜின் ஓடும்போது த்ராட்டில் பாடி வாயை ஒரு தடித்த பிளாஸ்டிக் மூடியால் அடைக்க வேண்டும். இன்ஜின் நின்றுவிட்டால் காற்று தட்டு வழியாகவோ வால்வு வழியாகவோ போகிறது. அடைத்த பிறகும் அது பாட்டுக்கு ஓடினால் லீக் அதற்கு அப்புறம் இருக்கிறது. என் வண்டி ஓடியது.

அடுத்து, ஐட்லிங்கில் விட்டபடியே இன்டேக் மேனிஃபோல்டுக்கு (தட்டு தாண்டி சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாய்) போகிற ரப்பர் ஹோஸ்களைத் துணி சுற்றிய பிளையரால் ஒவ்வொன்றாக நசுக்கினேன். பிரேக் பூஸ்டர் ஹோஸில் மாற்றமில்லை. பெட்ரோல் டாங்க் ஆவி வருகிற பர்ஜ் ஹோஸிலும் இல்லை. இன்ஜினுக்குள் சேருகிற ஆவியை வால்வ் கவரிலிருந்து திரும்ப இழுக்கிற பி.சி.வி. ஹோஸைப் பிடித்ததும் சத்தம் சட்டென்று இறங்கியது. மேலே பார்த்தால் நல்லாத்தான் இருந்தது. கழற்றித் திருப்பினால் வளைவின் அடிப்பக்கம், எண்ணெயிலும் சூட்டிலும் ஊறி, பழைய செருப்பு மாதிரி வெடித்துக் கிடக்கிறது. ஹோஸும் இரண்டு கிளிப்பும்தான் செலவு.

இவ்வளவு லீக் இருந்தும் வண்டி திணறவில்லையே, மிஸ்ஸிங் இல்லையே என்று கேட்பார்கள். இந்த வண்டியில் காற்றை நேரடியாக அளக்கிற சென்சார் இல்லை, மேனிஃபோல்டு அழுத்தத்தைப் பார்த்துக் கணக்குப் போடுகிற மேப் சென்சார்தான். லீக் வழியாக வந்த காற்றும் அந்த அழுத்தத்தில் சேர்ந்துவிடும், அதற்கும் சேர்த்துப் பெட்ரோல் விழும், ஆர்.பி.எம். ஜம்மென்று ஏறி நிற்கும். ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில் அதே ஓட்டை இருந்தால் கணக்கில் வராத காற்றாகி, ஐட்லிங் ஏறி இறங்கி ஆடும். அடுத்த வண்டியில் இருக்கும் அடையாளத்தை வைத்து நம் வண்டியைப் பார்க்கக் கூடாது.

குலசேகரம்:

எனக்கு நேர் எதிர்க்கதை. ஹோஸ், வால்வு, தட்டு எல்லாம் சுத்தம். நாகர்கோவில் டவுனுக்குள் நின்று நின்று போனால் ஐட்லிங் சரியாக இருக்கும், பேச்சிப்பாறைப் பக்கம் மழையில் போய்விட்டு இறங்கி வந்தால் 1300. நம்ம ஊரில் பல மெக்கானிக்குகள் செய்கிற வேலை எல்லாருக்கும் தெரியும், "இந்த வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு" என்று கழற்றித் தூரப் போட்டுவிடுவார்கள். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் காலத்தில் அந்த வேலை நடந்திருக்கிறது. இன்ஜின் சூடாகும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைப்பது தெர்மோஸ்டாட். அது இல்லாவிட்டால் கூலன்ட் எப்போதும் ரேடியேட்டர் வழியாகவே சுற்றும். காற்றோட்டமான ரோட்டில் இன்ஜின் சூடே ஏறாது, டெம்ப்ரேச்சர் சென்சார் உள்ளதைச் சொல்லும், கம்ப்யூட்டர் அதை நம்பி ஐட்லிங்கை ஏற்றி பெட்ரோலையும் கூட்டும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் அடிக்கிற காற்றில் கேட்கவே வேண்டாம். மைலேஜ் குறைந்ததற்கும் காரணம் அதுதான். புது தெர்மோஸ்டாட் போட்டு, கூலன்ட் நிரப்பிக் காற்றுக்குமிழ் எடுத்ததும் சரியாகிவிட்டது.

கூலன்ட் டெம்ப்ரேச்சர் சென்சாரையே சந்தேகப்படுகிறவர்கள் மாற்றுவதற்கு முன் மல்டிமீட்டரில் பாருங்கள். பெரும்பாலான ஜப்பான் வகை சென்சார்களில் 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோஓம், 80 டிகிரியில் 300 ஓம் சுமார் வரும். வெந்நீரில் போட்டால் இறங்க வேண்டும். இறங்காமல் அப்படியே நின்றால் அதுதான் குற்றவாளி. டேஷ்போர்டில் சூடு காட்டும் முள்ளுக்குப் பல வண்டிகளில் தனி சென்சார், முள் சரியாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம்.

குளச்சல்:

கடற்கரைக்காரர்கள் முதலில் ஆக்சிலேட்டர் கேபிளைப் பாருங்க மக்கா. பெடலுக்கு அடியில் காலைக் கொடுத்து மேலே தூக்குங்கள், ஐட்லிங் இறங்கினால் வேறெங்கும் தேட வேண்டாம். உப்புக்காற்றில் உள்கம்பி துரு ஏறி உறைக்குள் பிடித்துக்கொள்கிறது. எண்ணெய் விட்டால் கொஞ்ச நாள் ஓடும், அப்புறம் மறுபடி. கேபிளையே மாற்றி, த்ராட்டில் முனையில் கொஞ்சம் தளர்வு விட்டுப் பூட்டினேன், முடிந்தது.

மார்த்தாண்டம்:

ஏ.சி. போட்டால் எனக்கு 850-லிருந்து 1000 பக்கம் ஏறுது. இதுவும் லீக்கா?

நாகர்கோவில்:

இல்லை, அது நல்லதுக்கு. கம்ப்ரசர் சுமையில் இன்ஜின் நின்றுவிடாமல் இருக்க கம்ப்யூட்டரே ஏற்றுகிறது. ஏ.சி.யை அணைத்த பிறகும் இறங்காவிட்டால் மட்டும் பாருங்கள்.

லீக் இல்லாதவர்கள் ஐட்லிங் வால்வைக் கழற்றுவதாக இருந்தால் ஸ்ப்ரே அடித்து மென்மையான பிரஷ்ஷால் கரியை எடுங்கள். ஸ்டெப்பர் வகையாக (சின்ன மோட்டார் முனையை நகர்த்துவது) இருந்தால் முனையை விரலால் அமுக்காதீர்கள், உள்ளே பல் போய்விடும். லீக் தேடுவதற்காகச் சூடான இன்ஜின் மேல் கார்ப் கிளீனர் அடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எக்ஸாஸ்ட் பக்கம் பட்டால் தீப்பிடிக்கும், சோப்புத் தண்ணீரே போதும். ஓட்டை இருக்கும் இடத்தில் தண்ணீர் பட்டதும் ஒரு நொடி சத்தம் மாறும். எல்லாம் முடித்து பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டினால் முதல் சில நிமிடம் ஐட்லிங் ஏடாகூடமாகத்தான் இருக்கும். ஏ.சி., லைட் எதுவும் போடாமல் ரேடியேட்டர் ஃபேன் ஒரு தரம் ஓடி நிற்கிற வரை சும்மா விடுங்கள், அதற்குப் பிறகும் ஏறி நின்றால் இங்கே எழுதுங்கள், எந்த ஹோஸை நசுக்கினீர்கள், சத்தம் எப்படி மாறியது என்பதோடு.