பிக்சலின் டைப்பை மாற்றியதும் லூப் வேகமாகிறது, சி++ தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம், மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். படுவான்கரை வயல்களில் எடுத்த நெல் இலைப் படங்களின் வெளிச்சத்தைச் சரிசெய்ய சின்ன புரோகிராம் ஒன்று எழுதினேன். ஒரு ஸ்ட்ரக்டில் படத்தின் நீளமும் பிக்சல்களைக் காட்டும் பாயின்டரும் இருக்கின்றன, லூப் ஒவ்வொரு பிக்சலுடனும் ஒரு எண்ணைக் கூட்டுகிறது, அவ்வளவுதான்.

பிக்சலின் டைப் அன்சைன்ட் சார், அதாவது ஒரு பைட் எண். ஜிசிசி கொம்பைலரில் ஓ2 (கோடை வேகப்படுத்தச் சொல்லும் தெரிவு) போட்டு, அது உருவாக்கிய அசெம்பிளியைத் திறந்தால், ஒவ்வொரு சுற்றிலும் நீளத்தையும் பாயின்டரையும் மெமரியிலிருந்து திரும்பத் திரும்ப எடுக்கிறது. காரணம் விளங்குகிறது: சார் பாயின்டர் எந்த டைப்பையும் தொடலாம் என்பது மொழியின் விதி, அதனால் பிக்சலை எழுதும்போது நீளமே மாறியிருக்குமோ என்று கொம்பைலர் சந்தேகப்பட்டே ஆகவேண்டும். அதையே 16 பிட் ஷோர்ட் ஆக்கினேன், இரண்டு லோடும் லூப்புக்கு வெளியே போய்விட்டன! ஒரு டைப் பெயர் இவ்வளவு செய்யும் என்று அன்றுதான் கண்ணால் கண்டேன்.

இரண்டையும் லோக்கல் வேரியபிளில் எடுத்து வைத்தாலும் சரியாகிறது, ஆனால் எல்லா லூப்பிலும் அப்படிச் செய்ய மனம் வரவில்லை. இந்தப் பாயின்டர் காட்டும் இடத்தை வேறு வழியில் தொடமாட்டோம் என்று கொம்பைலருக்கு வாக்குக் கொடுக்கும் ரெஸ்ட்ரிக்ட் என்ற சொல் சி மொழியின் சி99 தரத்தில் வந்தது, ஆனால் சி++ தரத்தில் இல்லை. சி++ இல் வெறும் பைட்டுகளுக்கென்றே இருக்கும் எஸ்டிடி பைட் டைப்புக்கும், எந்த டைப்பையும் தொடலாம் என்ற சாரின் அதே சலுகை உண்டு, ஆகவே பயனில்லை. சி++20 இன் சார்8_டிக்கு அந்தச் சலுகை கிடையாது, ஆனால் எழுத்துக்காக வந்த டைப்பைப் பிக்சலுக்குப் பாவிக்கலாமா? அன்சைன்ட் சாராக வரும் பஃபரை அதற்குக் காஸ்ட் செய்தால் விதிமீறல் ஆகிவிடாதா? செய்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.