சேலத்துத் தறித்துணியில் பேபி ராப்: எந்தத் துணி, எவ்வளவு நீளம், ஏன் தொய்யுது?

அம்மாப்பேட்டை அம்மா கேட்டது:

பாப்பாவுக்கு மூணு மாசம் முடிஞ்சுது, 5.8 கிலோ. முன்பக்கம் கட்டித் தூக்க நெய்த ராப் (குழந்தையை உடம்போடு சேர்த்துக் கட்டுற நீளத்துணி) வேணும். இப்ப இருக்கிறது பனியன் துணி மாதிரி இழுபடுற ராப். கட்டின பத்து நிமிஷத்துல நெஞ்சுல இருந்தவ வயித்துக்கு இறங்கிடுறா.

இளம்பிள்ளை சேலை ஒண்ணு புதுசா இருக்கு, 5.5 மீட்டர். அதையே ரெண்டா மடிச்சுக் கட்டலாமா? தறியில தனியா நெய்யச் சொன்னா என்ன அளவு சொல்லணும்? சித்திரை வெயிலுக்கும் ஏற்காட்டுக் குளிருக்கும் ஒரே துணி போதுமா? மாமியார் "காலை அகட்டி வெச்சா வளைஞ்சிடும்"ங்கிறாங்க. அதுக்கும் பதில் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தறிவீடு எழுதியது:

சேலையில இருந்தே ஆரம்பிக்கிறேன்மா. அதை விட்டுடுங்க. 47 அங்குல அகலத்தை ரெண்டா மடிச்சா ரெண்டு அடுக்கு ஆகும். நீங்க இறுக்கினது வெளி அடுக்குல நிக்கும், உள் அடுக்கு தன்போக்குல நழுவும். அடுத்தது கரை. ஜரிகையோ கெட்டி நூலோ போட்ட கரை, சேலையோட உடம்புத்துணி இழுத்தா கொடுக்கிற அளவுக்குக் கொடுக்காது. பாப்பாவோட முழங்கால் மடிப்புல கயிறு மாதிரி பதியும். ஃபால்ஸ் தைச்சிருந்தா அது ஓடுற நீளம் முழுக்க இதே கதைதான். அது காட்டன்தானான்னும் பாருங்க. முந்தானை ஓரத்துல ஒரு இழையை உருவிக் கொளுத்தினா, பஞ்சு நூல் காகிதம் எரியுற வாசத்தோட சாம்பலாகும். செயற்கை நூல் உருகிக் கறுப்பு மணியா உருளும். இளம்பிள்ளையில ரெண்டுமே ஓடுது.

ராப்புக்குத் துணி பார்க்கிறது இப்படி: நீளவாக்குல ரெண்டு கையாலயும் இழுங்க, கொடுக்கக் கூடாது. அகலவாக்குல இழுங்க, அப்பவும் கொடுக்கக் கூடாது. மூலைக்கு மூலை, அதாவது தையல்காரர் கிராஸ்னு சொல்ற திசையில இழுத்தா மெதுவா கொடுத்து, விட்டதும் திரும்பணும். குழந்தையோட முதுகு வளைவுக்குத் துணி உருவெடுக்கிறது இந்தக் கிராஸ்லதான். பனியன் துணி எல்லாத் திசையிலும் கொடுக்கும், அதனால எடை ஏற ஏற இறங்கும். பவானி ஜமுக்காளம் எந்தத் திசையிலும் கொடுக்காது, ஏன்னா ஊடை (குறுக்கு நூல்) பாவையே (நீளவாக்கு நூல்) மூடுற அளவுக்கு அடிச்சு நெய்யுறது. நமக்குப் பாவும் ஊடையும் ஏறக்குறைய சமமா இருக்கணும்.

அளவு குறிச்சுக்கோங்க. பாவும் ஊடையும் 2/20-ஆம் நம்பர் பஞ்சு நூல், அதாவது 20-ஆம் நம்பர் இழை ரெண்டைச் சேர்த்து முறுக்கினது. அங்குலத்துக்குப் பாவு 40 இழை, ஊடை 38. தறியில இருந்து இறங்கும்போது சதுர மீட்டருக்கு 190 கிராம் பக்கம் வரும், துவைச்சுச் சுருங்கினதும் 200-ஐத் தாண்டும். வேட்டி நூல்ல நெய்தா இதுல பாதி கனம்கூட வராது. தோளுல கத்தி மாதிரி இறங்கும். சாதா நெசவு போதும். ட்வில் (ஜீன்ஸ் மாதிரி சாய்கோடு விழுற நெசவு) நெய்யுறவங்க கிடைச்சா கிராஸ்ல இன்னும் நல்லா கொடுக்கும், ஆனா நகை மாட்டினா இழை இழுபடும்.

துண்டு நெய்யுற தறியில கேளுங்க. 31 அங்குல அகலத்துல நெய்தா ரெண்டு பக்கமும் தறிக்கரையே கிடைக்கும், ஓரம் மடிச்சு அடிக்கிற வேலை மிச்சம். கட்டில் விரிப்பை நடுவுல கிழிச்சா ஒரு பக்கம் கரை இருக்காது, மடிச்சு அடிச்ச தையல் அந்த ஓரத்தை விறைப்பாக்கும். நீளம் 5 மீட்டர் சொல்லுங்க. சுருக்கம் போகவும் ரெண்டு முனையும் சாய்வா வெட்டவும் அது சரியா இருக்கும்.

முக்கியமா ஒண்ணு: கங்கா ஜமுனா கரை கேளுங்க. ஒரு பக்கம் அரக்கு, மறுபக்கம் பச்சை, அரை அங்குலம் போதும், ஆனா உடம்புக்குப் போட்ட அதே கன நூல்ல. முதுகுப் பக்கம் கண்ணுக்குத் தெரியாம இழுக்கும்போது எது மேல்கரை, எது கீழ்க்கரைன்னு நிறம்தான் சொல்லும். துணி முறுக்கிக்கிட்டாலும் உடனே தெரியும்.

கஞ்சி முழுக்கப் போக மூணு தடவை துவைங்க, அப்புறம்தான் வெட்டணும். ஈர வெள்ளைத் துணியால இருபது தடவை தேய்ச்சுப் பாருங்க. சாயம் ஒட்டினா குழந்தைக்கு ஆகாது, ஓரத்தை வாயில வெச்சுச் சப்பும். எளிதில் போகாத வாட் சாயம் போட்ட நூல்னு கேட்டு வாங்குங்க. அப்புறம் எப்பவும் கஞ்சி வேண்டாம், ப்ளீச் வேண்டாம், மென்மையாக்குற திரவமும் வேண்டாம். அது துணியோட பிடிப்பைக் கெடுக்கும்.

தோளும் முதுகும் எழுதியது:

துணி பற்றி மேலே சொன்னது சரி. நீளத்தில் ஒரு திருத்தம்: நடுத்தர உடல்வாகுக்கு 4.6 மீட்டர், ஒல்லியானவர்களுக்கு 4.2, பருமனானவர்களுக்கு 5.2. வீட்டில் அப்பாவும் கட்டுவார் என்றால் பெரியவரின் அளவில் நெய்யச் சொல்லுங்கள்.

சகோதரி, உங்கள் குழந்தை இறங்குவதற்குத் துணி மட்டும் காரணம் இல்லை. இழுபடும் ராப்பைக் குழந்தையை வைப்பதற்கு முன்பே பனியன் போல் உடம்போடு ஒட்டக் கட்டி, குழந்தையை வைத்ததும் மூன்று அடுக்கையும் அதன் முதுகில் விரிக்க வேண்டும். புதுத்துணி வரும்வரை அப்படிக் கட்டிப் பாருங்கள். 5.8 கிலோவைத் தாங்கும். முதுகில் தூக்க மட்டும் அந்த வகை ஆகாது.

நெய்த ராப்பில் முறை வேறு. குழந்தையை வைத்த பிறகுதான் இறுக்க வேண்டும். துணி நீளத்தின் நடுவை உங்கள் நெஞ்சின் நடுவில் வைத்து, இரண்டு முனையையும் அக்குள் வழியாக முதுகுக்குக் கொண்டுபோய், குறுக்கே மாற்றி, எதிர்த்தோள் மேல் முன்னால் விடுங்கள். முன்னே ஒரு பை கிடைக்கும். குழந்தையைத் தோளில் சாய்த்து மேலிருந்து பைக்குள் இறக்குங்கள். கீழ்க்கரையைக் குழந்தைக்கும் உங்கள் வயிற்றுக்கும் நடுவே ஒரு சாண் மேலேற்றி, ஒரு முழங்கால் மடிப்பிலிருந்து மறு முழங்கால் மடிப்பு வரை பரப்புங்கள். உட்காரும் இடம் இதுதான். இந்த ஒரு சாண் துணி குறைந்தால் நேராகும்போது குழந்தை கால் உதைத்து அதை வெளியே தள்ளிவிடும், பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது.

இப்போது இறுக்குவது. முனைகளை மொத்தமாகப் பிடித்து இழுத்தால் இறுக்கம் தோளோடு நின்றுவிடும், உங்கள் முதுகில் தொய்வு அப்படியே இருக்கும். பத்து நிமிடத்தில் அந்தத் தொய்வுதான் முன்னால் வந்து குழந்தையை இறக்குகிறது. இழை இழையாக இழுக்க வேண்டும். உங்கள் இடது பக்கம் மேல்கரை தளர்ந்திருந்தால், அந்தக் கரை முதுகைக் கடந்து வலது தோளில் கழுத்தை ஒட்டி வரும். அந்த ஓரத்தை மட்டும் பிடித்து இழுங்கள். கீழ்க்கரை தோளின் வெளி ஓரத்தில் வரும். அரக்கும் பச்சையும் இங்கேதான் கைகொடுக்கும். கழுத்தோரம் தொடங்கி நடுவாக வெளி ஓரம் வரை நாலைந்து பிடியாக ஒரு தோள், பிறகு அடுத்த தோள். ஒரு கை எப்போதும் குழந்தையைத் தாங்கியே இருக்கட்டும். கடைசியாக முனைகளைப் புட்டத்தின் மேல் குறுக்கே மாற்றி, எதிர்க்காலின் அடியில் விட்டு, பின்னால் இரட்டை முடிச்சு.

முன்னால் குனிந்து பாருங்கள், கையால் தாங்கியபடியே. குழந்தை உங்கள் நெஞ்சை விட்டு விலகினால் அவிழ்த்துத் திரும்ப இறுக்குங்கள். நிமிர்ந்ததும்: உச்சந்தலை முத்தமிடும் உயரத்தில் இருக்க வேண்டும், முகம் துணியால் மூடாமல் கண்ணுக்குத் தெரிய வேண்டும், தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு விரலாவது நுழைய வேண்டும். தாடை நெஞ்சில் மடிந்தால் மூச்சுக்குழல் நெரியும், அழக்கூட முடியாது. நாலு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு ஸ்லிங்கில் (தோளில் மாட்டும் தூளி) மூச்சடைப்பு ஆபத்து உண்டு என்று 2010-ல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்தது இதனால்தான். உங்கள் குழந்தை அந்த வயதில்தான் இருக்கிறது. தொட்டில் போல் படுக்கவைத்துக் கட்டாதீர்கள். பால் குடிக்கத் தாழ்த்தினால், குடித்து முடித்ததும் பழைய உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். குறைமாதம், எடைக்குறைவு, சளி என்றால் குழந்தை மருத்துவரைக் கேட்காமல் கட்ட வேண்டாம்.

மாமியாரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: இடுப்பில் தூக்கும்போது பிள்ளை எப்படிக் கால் அகட்டி உட்காருமோ அதே நிலைதான் இது. முழங்கால் புட்டத்தை விட உயரம், தொடை தாங்கப்பட்டு அகன்றிருக்கும். வளரும் இடுப்பு மூட்டுக் கிண்ணத்துக்கு அது நல்லது. கெடுதல் செய்வது காலை நேராக நீட்டி இறுகச் சுற்றுவது. கைக்குழந்தையின் கால் இயல்பாகவே கொஞ்சம் வளைந்துதான் இருக்கும், நடக்கத் தொடங்கியபின் தானே நேராகும்.

அம்மாப்பேட்டை அம்மா:

கழுத்தோரக் கரையைத் தனியா இழுக்கணும்னு தெரியாமத்தான் இருந்தேன், நன்றிங்க அக்கா. கங்கா ஜமுனா கரையோட சொல்லிடுறேன் அண்ணா. வெயிலும் மலைப் பயணமும் யாராவது சொல்லுங்களேன். வண்டியில போகும்போது கட்டிக்கலாமா?

மலைப்பாதை எழுதியது:

வண்டியில வேண்டவே வேண்டாம். ஏற்காட்டுப் பாதையில 20 கொண்டை ஊசி வளைவு. திடீர்னு பிரேக் போட்டா உங்க உடம்பே பிள்ளை மேல போய் அழுத்தும். கார்ல குழந்தை இருக்கையில பெல்ட் போட்டு உட்கார வைங்க. மேல போய் இறங்கினதும் ராப்பைக் கட்டுங்க. டூவீலருக்கும் இது மாற்று கிடையாது. நாலு வயசுக்குள்ள பிள்ளைக்குப் பாதுகாப்புப் பட்டை, 9 மாசத்துக்கு மேல ஹெல்மெட், 40 கி.மீ. வேகத்துக்குள்ளன்னு 2022-ல விதியே வந்தாச்சு. மூணு மாசப் பிள்ளையை டூவீலர்ல ஏத்தாம இருக்கிறதுதான் சரி.

வெயிலுக்கும் குளிருக்கும் அதே துணி போதும். மேல சொன்ன கட்டுல பிள்ளையோட முதுகு மேல ஒரே அடுக்குதான் வரும். குறுக்கே போற முனைகளைச் சுருட்டின மாதிரியே புட்டத்தோட விட்டுடுங்க. சேலத்து வெயில்ல உள்ள ஒரு மெல்லிசுச் சட்டையோட நிறுத்துங்க. ராப் ஒரு அடுக்குன்னா அதுவே ஒரு உடுப்பு. பதினைஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா பிடரியைத் தொட்டுப் பாருங்க. ஈரமா, சூடா இருந்தா அவிழ்த்துடுங்க. மதியம் 11-லிருந்து 4 வரைக்கும் வெளிய கட்டிட்டுப் போகாதீங்க. ஏற்காட்டுல அதே முனைகளை முதுகு மேல விரிச்சா மூணு அடுக்கு ஆயிடும். ஸ்வெட்டரைப் பிள்ளைக்குக் கனமாப் போட்டுக் கட்டினா, அது அமுங்க அமுங்கக் கட்டு தளரும். கனமானதை ராப்புக்கு மேல, உங்க ரெண்டு பேரையும் சேர்த்து போடுங்க, முகத்தை மூடாம. குல்லாவும் காலுறையும் மறக்காதீங்க, கால் துணிக்கு வெளியதான் தொங்கும்.

பாறையில ஏறும்போது, ஈரப்படியில இறங்கும்போது கீழ உங்க கால் தெரியாது, கைப்பிடி இல்லாத இடத்துக்கு அப்ப போக வேண்டாம். கட்டுறதுக்கு முன்னாடி தினமும் துணியை ஜன்னல் வெளிச்சத்துல ஒரு தடவை முழுக்க ஓட்டிப் பாருங்க. நூல் விலகி வெளிச்சம் பளிச்னு தெரியுற இடம், கரையோரம் விட்டுப்போன இழை, முடிச்சு விழுற இடத்துல தேய்மானம், எது கண்ணுல பட்டாலும் அன்னைக்குக் கட்டாதீங்க. கொடியில காயப்போடும்போது கம்பி முனை மாட்டாம பார்த்துக்கோங்க, பாதி ஓட்டை அங்கதான் விழுது.