சலான், கோர்ட் ஃபைன், பி.ஜி.வி.: எது வேலையைக் கெடுக்கும், எது கெடுக்காது?

பி.ஜி.வி. டெஸ்க், சென்னை

ஹெல்மெட் சலான் ரெண்டு இருக்கு, ஆஃபர் போயிடுமா என்று பயப்படுபவர்களுக்கு: ஐ.டி., பேங்க் வேலைகளுக்கான பின்னணிச் சரிபார்ப்பில், அதாவது பி.ஜி.வி.யில், வழக்கமாக உங்கள் வண்டி நம்பரை யாரும் தட்டிப் பார்ப்பதில்லை. படிப்பு, பழைய கம்பெனி, முகவரி, கோர்ட் ரெக்கார்டு, இவ்வளவுதான். 1,000 ரூபாய் ஹெல்மெட் அபராதத்தை இ-சலானில் கட்டி முடித்திருந்தால் அது இந்த நான்கில் எதிலும் வராது.

உண்மையான தொல்லை கோர்ட் ரெக்கார்டு தேடலில்தான். இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடுவோம். எஸ். குமார் என்று தேடினால் எத்தனை குமார் வருவார்கள் என்று நீங்களே யோசியுங்கள். வேறு யாரோ ஒருவர் மீதான வழக்கு உங்கள் பெயரோடு ஒத்துப்போனால் ரிப்போர்ட் பச்சையாக வராது, ஆம்பரில், அதாவது சந்தேகக் குறியோடு, நிற்கும். அப்பா பெயர், வயது, எந்த ஸ்டேஷன் எல்லை என்பதை வைத்துத்தான் கழிக்க முடியும். அதனால் படிவத்தில் இனிஷியலை விரித்து, அப்பா பெயரை ஆதாரில் இருப்பதுபோலவே எழுதுங்கள். குடியிருந்த முகவரிகளில் ஒன்றையும் விடாதீர்கள், பேச்சிலராக இருந்த மேன்ஷன் உட்பட.

சேலம் வக்கீல்

மேலே சொன்னது சரி. அதன் சட்டப் பின்னணி இது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 200-ன் கீழ் இணக்கக் கட்டணம் (கோர்ட்டுக்குப் போகாமலே முடித்துக்கொள்ளக் கட்டும் தொகை) கட்டினால் விஷயம் அங்கேயே முடிகிறது, அது தண்டனை ஆகாது. ஹெல்மெட், சீட் பெல்ட், லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியது, ஸ்பீடு, போனில் பேசியது எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். குடித்துவிட்டு ஓட்டுவது, அதாவது பிரிவு 185, வராது. அது கோர்ட்டுக்குத்தான் போகும். முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பெரும்பாலும் ஃபைனோடு முடிந்துவிடும். ஆனால் குற்றத்தை ஒப்புக்கொண்டு கோர்ட்டில் ஃபைன் கட்டியவர், சட்டப்படி தண்டிக்கப்பட்டவர். சலான் கட்டுவதும் இதுவும் ஒன்று என்று நினைத்துக்கொண்டுதான் பலர் படிவத்தில் ‘இல்லை’ என்று டிக் அடிக்கிறார்கள்.

இன்னொரு பொறி, இன்சூரன்ஸுக்காகப் போடும் எஃப்.ஐ.ஆர். சின்ன உரசல், பின்னால் உட்கார்ந்திருந்தவருக்குக் கையில் காயம். “க்ளெய்முக்கு வேணும், சும்மா ஒரு எஃப்.ஐ.ஆர். போட்டுக்கலாம் சார்” என்பார்கள். வழக்கு பழைய ஐ.பி.சி. 279, 337-ல் விழும்; 2024 ஜூலை 1-க்குப் பின் நடந்தது என்றால், அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 281, 125. முதலாவது அஜாக்கிரதையாக ஓட்டியதற்கு, இரண்டாவது அதனால் வந்த காயத்துக்கு. வண்டி ஓட்டியவர் குற்றம்சாட்டப்பட்டவர் ஆகிவிடுகிறார். பிறகு, “ஒத்துக்கிட்டு 1,000 கட்டிட்டுப் போயிடுப்பா” என்ற யோசனை. மோசமான யோசனை அது. அரசு வேலைக்கு முயற்சி செய்யும் பையன் என்றால் கட்டவே கூடாது. காயம்பட்டவருடன் சமரசம் ஆனாலும் 281-ஐ மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ராஜி செய்ய முடியாது, ஹைகோர்ட்டில் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்ற நடைமுறைச் சட்டம்) 528-ன் கீழ் ரத்து மனுதான் வழி.

வெரிஃபிகேஷன் பார்த்தவர், மதுரை

அரசு வேலை என்றதால் சொல்கிறேன். மத்திய அரசுப் பணிகளுக்கான அட்டெஸ்டேஷன் படிவத்தில் (தன்னைப் பற்றிய விவரங்களை உறுதிசெய்து கொடுக்கும் படிவம்) கேள்வி ‘குற்றவாளியா?’ என்று மட்டும் இருக்காது. கைதானீர்களா, வழக்குத் தொடரப்பட்டதா, நீதிமன்றம் அபராதம் விதித்ததா, இப்போது வழக்கு நிலுவையில் உள்ளதா என்று தனித்தனியாகக் கேட்கும். 185-ல் ஃபைன் கட்டியவர் இங்கே ‘ஆம்’ போட்டே ஆகவேண்டும். சம்பவத்தைவிட மறைத்ததுதான் ஆளைக் கவிழ்க்கிறது. அவதார் சிங் வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதை ஒட்டியதுதான்: அற்பக் குற்றமாக இருந்தால் மறைத்ததைக்கூட நியமன அதிகாரி தன் விருப்பப்படி மன்னிக்கலாம். மன்னித்தே ஆகவேண்டும் என்று அதற்குப் பொருள் இல்லை. ஏன் அந்த சூதாட்டம்?

போலீஸ் வேலைக்கு இன்னும் கடுமை. தமிழ்நாட்டு சார்நிலைக் காவல் பணி விதி 14(பி)-படி, சந்தேகத்தின் பலனிலோ புகார்தாரர் பிறழ்சாட்சி ஆனதாலோ விடுதலையானவரும் ‘வழக்கில் சம்பந்தப்பட்டவர்’ தான். வெரிஃபிகேஷன் சமயத்தில் நிலுவையில் இருந்த வழக்கு பிறகு கௌரவமான விடுதலையில் முடிந்தால், அடுத்த தேர்வில்தான் உரிமை கோரலாம்.

டிரான்ஸ்போர்ட் ஆள், நாமக்கல்

டிரைவர் வேலைக்கு வரும் தம்பிகளுக்கு மேலே உள்ள ஆறுதல் எதுவும் பொருந்தாது. நாங்கள் முதலில் பார்ப்பதே லைசென்ஸ் நம்பர்தான். பரிவாகன் சலான் தளத்தில் வண்டி நம்பரை மட்டுமல்ல, லைசென்ஸ் நம்பரைப் போட்டும் தேடலாம். ஒரு ஹெல்மெட் சலானுக்காக யாரையும் அனுப்பியதில்லை. சிக்னல் தாண்டியது, ஓவர் ஸ்பீடு, ஓவர்லோடு, போன் என்று இருந்தால் கதை வேறு. இவற்றுக்கு ஆர்.டி.ஓ. லைசென்ஸையே மூன்று மாதம் நிறுத்திவைக்கலாம். அந்த நேரத்தில் அவர் ஓட்டி விபத்து ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனி எங்கள் கழுத்தைப் பிடிக்கும்.

ஸ்கூல் பஸ் என்றால் அளவுகோல் இன்னும் இறுக்கம். 1997-ல் உச்ச நீதிமன்றம் டெல்லிக்காகச் சொன்னதை சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்குச் சுற்றறிக்கையாக்கியது: ஸ்பீடு, குடி, அபாயகரமாக ஓட்டுதல் இதில் ஒரே ஒரு சலான் இருந்தாலும் எடுக்கக் கூடாது, சிக்னல் தாண்டியது போன்றவை என்றால் வருடத்துக்கு இரண்டைத் தாண்டக் கூடாது.

சேலம் வக்கீல்

விட்டுப்போனது ஒன்று. பைக்கை விற்றுவிட்டு ஆர்.சி. மாற்றாதவர்கள் உடனே பழைய நம்பரையும் தேடிப் பாருங்கள். கேமரா சலான் ஆர்.சி.யில் இருக்கும் பெயருக்குத்தான் வரும். கட்டாமல் கிடந்தால் கோர்ட்டுக்கு அனுப்பப்பட்டு, உங்கள் பெயரில் எஸ்.டி.சி. நம்பர், அதாவது சிறு வழக்குகளுக்கான கோர்ட் வழக்கு எண், விழலாம். விற்பவர் 14 நாளுக்குள் வண்டியை விற்றதைத் தெரிவிக்கும் படிவம் 29-ஐ ஆர்.டி.ஓ.விடம் கொடுக்க வேண்டும். கொடுத்த ஒப்புகைச் சீட்டு கையில் இருந்தால் வாதாடலாம்.

ஏற்கெனவே முடிந்த வழக்கு என்றால், வேலைக்கு விண்ணப்பிக்கும் முன்பே அந்தக் கோர்ட்டில் நகல் மனு போட்டுத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கி வையுங்கள். ஃபைன் ரசீது மட்டும் போதாது. எந்தப் பிரிவு, எப்படி முடிந்தது என்பது அதில் தெளிவாக இருக்காது. படிவத்தில் வழக்கு எண், கோர்ட், பிரிவு, முடிந்த தேதி நான்கையும் ஒரே வரியில் எழுதி நகலை இணைத்துவிட்டால், எச்.ஆர். திரும்பக் கேட்பதற்கு ஏதும் மிஞ்சாது.