இரும்பை ஒதுக்கலாமா? மெட்டல் டிடெக்டரும் தேவனாம்பட்டினத்து மணலும்

கெடிலக்கரை:
புதிதாக மெட்டல் டிடெக்டர் வாங்கிய ஒரு தம்பிக்கு ஓட்டைக்காலணா அண்ணன் நேற்று பாடம் எடுத்திருக்கிறார். "முதல் வேலையாக டிஸ்கிரிமினேஷனில் இரும்பை ஒதுக்கிவிடு, அப்புறம் காசுக்கு மட்டும்தான் கத்தும்" என்று. எந்த உலோகத்துக்குக் கத்த வேண்டாம் என்று மெஷினில் வைக்கிற அமைப்புதான் டிஸ்கிரிமினேஷன். படித்ததிலிருந்து மனது ஆறவில்லை. அண்ணே, அது எவனோ வெளிநாட்டுக்காரன் தன் ஊர் வயலுக்குச் சொன்னது. நம் காசு என்ன உலோகம் என்று ஒரு தடவையாவது பார்த்தீர்களா? 1988-லிருந்து 10, 25, 50 பைசா எவர்சில்வரில் வந்தன. 1992-லிருந்து ஒரு ரூபாயும் வருகிறது. காந்தத்தை வைத்தால் ஒட்டும். அதில் முக்கால் பங்குக்கு மேல் இரும்புதான். இரும்பை ஒதுக்கினால் அந்தக் காசையும் சேர்த்து ஒதுக்குகிறீர்கள். கடலூர் தேவனாம்பட்டினத்து சில்வர் பீச்சில் ஏழு வருஷமாகக் காயில் (மெஷினின் அடியில் இருக்கும் தேடும் தட்டு) பிடிக்கிறேன். ஒரு நாள்கூட இரும்பை ஒதுக்கியதில்லை.

ஓட்டைக்காலணா:
தம்பி, ஒரு ரூபாய் பொறுக்க நான் கடற்கரைக்குப் போகவில்லை. எங்கள் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன் அடித்த டுடு காசு உண்டு. ஒரு பக்கம் லில்லிப் பூ, மறுபக்கம் தமிழ் எழுத்தில் புதுச்சேரி. அது செம்பு. 1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணா வெண்கலம். இவற்றில் இரும்பு எங்கே இருக்கிறது? புதிதாக வருகிறவன் நாற்பது ஆணியும் பத்துக் கம்பியும் தோண்டினால் மறுநாளே மெஷினைப் பரணில் போட்டுவிடுவான். அதனால்தான் அப்படிச் சொன்னேன். இப்போதும் அதையேதான் சொல்கிறேன்.

கெடிலக்கரை:
ஆணிக்குப் பயந்தால் வீட்டிலேயே இருக்கலாம். ஆணியும் செம்புக்காசும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தால், இரும்பை ஒதுக்கிய மெஷின் ஆணியோடு சேர்த்துக் காசையும் விழுங்கிவிடும். உங்கள் டுடுவும் அதில் போகும். இன்னொன்று, சோடா மூடி. அதுவும் இரும்புத் தகடுதான். ஆனால் தட்டையாக இருப்பதால், உலோகத்துக்கு ஏற்ப மெஷின் திரையில் காட்டும் எண் மேலே தாவி நல்ல காசு மாதிரியே கத்தும். இரும்பை ஒதுக்கியும் சோடா மூடியின் சத்தம் நிற்காது, காசு மட்டும் போகும். இதில் என்ன லாபம், நீங்களே சொல்லுங்கள்.

புதுத்தேடல்:
அந்தத் தம்பி நான்தான் அண்ணா. தேவனாம்பட்டினத்தில் ஈர மணலில் இறங்கியதும் நிறுத்தாமல் கத்துகிறது. எதையும் தோண்ட முடியவில்லை. இன்னொரு சந்தேகம்: காசு என்று நீங்கள் இருவரும் சொல்வது ஒரே காசா? பழங்காசு தேடினால் ஒரு விதம், இப்போதைய காசு தேடினால் வேறு விதம் என்று வருமோ?

கெடிலக்கரை:
ஈர மணலில் உப்பு இருக்கிறது. உப்புத்தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், அதையே மெஷின் உலோகம் என்று நினைக்கிறது. ஒரே அலைவரிசையில் ஓடும் மெஷின் என்றால் சென்சிடிவிட்டியைக் குறையுங்கள், கிரவுண்ட் பேலன்ஸ் செய்யுங்கள், அதாவது தரைக்கே கத்தாதபடி மெஷினைச் சரிசெய்யுங்கள். உலோகம் இல்லாத இடமாகப் பார்த்துக் காயிலைத் தரைக்கு மேலே ஏற்றி இறக்கிச் சத்தம் அடங்கும் வரை சரிசெய்ய வேண்டும். முதல் ஒரு மாதம் காய்ந்த மணலிலேயே இருங்கள். காயிலைத் தரைக்கு ஒட்டினாற்போல், மட்டமாக, மெதுவாக வீசுங்கள். இரண்டு ஓரத்திலும் ஊஞ்சல் மாதிரித் தூக்கக் கூடாது, தூக்கினால் ஆழம் போய்விடும். காசு அளவுப் பொருள் ஒரு சாண் ஆழத்துக்குள் கேட்டாலே பெரிய விஷயம். முக்கியமாக, இரும்பை ஒதுக்காதீர்கள்.

வைத்திக்குப்பம்:
ஏழு வருஷம், ஏழு வருஷம் என்று கேட்டுக் காது புளித்துவிட்டது. 2009-லிருந்து வரும் ஐந்து ரூபாய் நிக்கல் பித்தளை. அது இரும்பு இல்லை, காந்தத்திலும் ஒட்டாது. போன மாசிமகத்துக்கு மறுநாள் காலை புதுச்சேரியில் எங்கள் வைத்திக்குப்பம் கரையில் இரும்பை ஒதுக்கி வைத்துத்தான் தேடினேன். பதினான்கு ஐந்து ரூபாய் எடுத்தேன். தோண்டிய குழி பதினாறு, குப்பை இரண்டே இரண்டு. ஓட்டைக்காலணா அண்ணன் சொன்னது சரி.

கெடிலக்கரை:
எத்தனை ஒரு ரூபாய் எடுத்தீர்கள்?

வைத்திக்குப்பம்:
ஒன்றும் இல்லை. அங்கே அது கிடக்கவில்லை.

கெடிலக்கரை:
கிடக்கவில்லையா? அதே நாள் மதியம் அதே கரையில் நானும் தேடினேன். நீங்கள் காலையில் நடந்த தடம்கூட அழியவில்லை. எதையும் ஒதுக்காமல் வைத்தேன். முப்பத்தொன்று வந்தது, எல்லாம் ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும். என் மெஷினில் அவை பாதி நேரம் இரும்பு எண்ணில் விழும், பாதி நேரம் மேலே தாவும். உங்கள் மெஷின் அவற்றின் மேலேயே போயிருக்கிறது. நீங்கள் வாயைக் கட்டி வைத்தீர்கள், அது பேசவில்லை.

வைத்திக்குப்பம்:
என் இடத்துக்குச் சொல்லாமல் வந்தீர்களா? சாமி தீர்த்தவாரிக்கு வருகிற கரை அது, எங்கள் தெரு ஆட்கள் முப்பது வருஷமாக அரிப்பு வைத்து மணல் சலிக்கிற இடம். அன்று மதியம் மூடாத குழிகளைப் பார்த்து யார் வேலை என்று யோசித்தேன். குழந்தைகள் ஓடுகிற இடத்தில் குழியை மூடக்கூடத் தெரியாதவர் டிஸ்கிரிமினேஷன் பாடம் எடுக்கிறார்.

கெடிலக்கரை:
நான் தோண்டிய ஒவ்வொரு குழியையும் காலால் தள்ளி மூடிவிட்டுத்தான் நகர்ந்தேன். இதை என் மேல் போடாதீர்கள். கடல் பொது. அது போகட்டும், கல்லைக் கொட்டிய கரையில் கொஞ்சம் மணலை வைத்துக்கொண்டு உங்கள் ஊர்க்காரர்களுக்கு இவ்வளவு பெருமையா? எங்கள் சில்வர் பீச்சில் வந்து நடந்து பாருங்கள். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்த பிறகு மணல் ஓர் ஆள் மட்டத்துக்கு அரித்துக்கொண்டு போன இடம் உண்டு. அப்போது வெளிவந்ததை வெறும் கையாலேயே பொறுக்கியவர்கள் எங்கள் பக்கம் இருக்கிறார்கள்.

மஞ்சக்குப்பத்தான்:
ஐயா, இருவரும் கொஞ்சம் நிறுத்துங்கள். சட்டத்தை யாராவது பார்த்தீர்களா? 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடப்பது 10 ரூபாய்க்கு மேல் பெறும் என்றால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் சிறைகூட உண்டு. நூறு வருஷம் தாண்டிய காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். புதுச்சேரிப் பக்கத்து அரிக்கமேடு மாதிரித் தொல்லியல் துறை காக்கும் இடத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட எல்லை. அங்கே மெஷினோடு போகாமல் இருப்பதே நல்லது. புதுத்தேடல் தம்பிக்கு இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

ஓட்டைக்காலணா:
நான் அரிக்கமேட்டில் தோண்டினேன் என்று சொல்ல வருகிறீர்களா? தொல்லியல் அறிஞர் வீலர் 1945-இல் அங்கே அகழ்ந்ததைப் பற்றி எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இருபது வருஷமாகச் சொல்லிக்கொடுப்பவன் நான். ரோமானியச் சாடி ஓடு ஒன்றைக்கூட அங்கிருந்து எடுத்து வந்ததில்லை. இதை நீங்கள் திரும்பப் பெற வேண்டும்.

மஞ்சக்குப்பத்தான்:
உங்களைச் சொல்லவில்லை ஐயா. பொதுவாகச் சொன்னேன். திரும்பப் பெற அதில் ஒன்றும் இல்லை.

ஓட்டைக்காலணா:
பொதுவாகச் சொன்னால் என் பெயருக்குக் கீழே ஏன் சொல்ல வேண்டும்? செம்புக்காசு என்று நான் எழுதிய பிறகுதானே அரிக்கமேடு வந்தது?

கெடிலக்கரை:
சட்டம் சரிதான் சார், யார் இல்லை என்றார்கள்? தேவனாம்பட்டினத்து டேவிட் கோட்டை இடிபாட்டுப் பக்கம் நான் காயிலைக் காட்டுவதே இல்லை. 1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் விலைக்கு வாங்கியது, 1758-இல் பிரெஞ்சுக்காரன் பிடித்து இடித்தது, அந்த மண் அப்படியே இருக்கட்டும். ஆனால் நேற்று யாரோ சுண்டல் வாங்கும்போது நழுவவிட்ட ஒரு ரூபாய்க்குக் கலெக்டரிடம் மனு போட முடியாது. நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அந்த ஒரு ரூபாய், இரும்பை ஒதுக்கிய மெஷினில் கேட்குமா கேட்காதா? ஓட்டைக்காலணா அண்ணன் இதுவரை பதில் சொல்லவில்லை.

ஓட்டைக்காலணா:
சொல்லிவிட்டேன். நான் அதைத் தேடவில்லை.

கெடிலக்கரை:
"காசுக்கு மட்டும்தான் கத்தும்" என்று எழுதினீர்கள். ஒரு ரூபாய் காசு இல்லையா?

வைத்திக்குப்பம்:
போன வருஷம் உங்களுக்குப் பெரிய காயில் இரவல் கொடுத்தவர் ஓட்டைக்காலணா அண்ணன்தான். ஒயர் அறுந்து திரும்பி வந்தது. அவரிடம் இப்படிப் பேச எப்படி மனது வருகிறது?

கெடிலக்கரை:
ஒயருக்குக் காசு கொடுத்துவிட்டேன். கொடுத்தேனா இல்லையா என்று அவரையே கேளுங்கள். அதற்கும் இரும்புக்கும் என்ன சம்பந்தம்?

ஓட்டைக்காலணா:
ஒயருக்குக் கொடுத்தார். காயில் உறை விரிந்ததற்குக் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

புதுத்தேடல்:
அண்ணா, காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுத்தாலே எவர்சில்வர் காசு வந்துவிடுமே, அப்புறம் மெஷினைப் பழங்காசுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாமா? எது எந்தக் காசு என்று முதலில் முடிவு செய்துகொண்டால்...

கெடிலக்கரை:
தம்பி, நீங்கள் இரும்பை ஒதுக்காதீர்கள், அவ்வளவுதான். வார்த்தையால் சொன்னால் இவர்களுக்கு ஏறாது. ஞாயிறு காலை ஆறு மணிக்கு சில்வர் பீச் வாருங்கள் எல்லோரும். காய்ந்த மணலில் நான்கு விரல் ஆழத்தில் ஒரு ரூபாய் புதைக்கிறேன். ஓட்டைக்காலணா அண்ணன் தன் மெஷினில் இரும்பை ஒதுக்கிவிட்டுக் கண்டுபிடிக்கட்டும்.

ஓட்டைக்காலணா:
வருகிறேன். ஆனால் புதைக்கிற காசு என்னுடையது. ஒரு டுடுவும் ஓட்டைக் காலணாவும் கொண்டுவருகிறேன், சுற்றிலும் உங்கள் ஆணி எத்தனை வேண்டுமானாலும் போடுங்கள்.

கெடிலக்கரை:
ஒரு ரூபாய்தான் புதைப்பேன்.

வைத்திக்குப்பம்:
அப்படியென்றால் ஐந்து ரூபாயும் புதைக்க வேண்டும். அதுவும் எங்கள் கரையில். சில்வர் பீச்சுக்கு எதற்கு வர வேண்டும்?

கெடிலக்கரை:
ஒரு ரூபாய். 1992-க்குப் பிறகு வந்தது. வேறு எதையும் புதைக்க மாட்டேன்.