புதுப்பிப்பு: 60 லிட்டர் பவளத் தொட்டிக்கான விளக்கு

முன்பு இங்கே 50 வாட் எல்இடியை நீர்மட்டத்திலிருந்து 15 செ.மீ. உயரத்தில் தொங்கவிடலாம் என்று எழுதியிருந்தேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள், 25 செ.மீ. வேண்டும். 15-இல் நடுவில் மட்டும் ஒளி குவிந்து, அங்குள்ள சோவாந்திட் (கூட்டமாக வளரும் சிறு மென்பவளம்) வெளுக்கும், ஓரத்தில் உள்ளது ஒளி தேடிக் கழுத்து நீட்டும்.

அளவு: காளான் பவளத்துக்கு 30–50 பார் (PAR, ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியின் அளவு), சோவாந்திடுக்கு 60–100. போனில் ஒளியை அளக்கும் லக்ஸ் ஆப்பை நம்பாதீர்கள், நீல ஒளியை அது குறைத்தே காட்டும். நீலம் 60%, வெள்ளை 10–15%, நாளுக்கு 8 மணி நேரம். புது விளக்கை இதில் பாதி அளவில் தொடங்கி வாரம் 5 சதவீதப் புள்ளி மட்டும் ஏற்றுங்கள். அவசரப்பட்டால் பாசிதான் மிச்சம்.

களியக்காவிளை, பாறசாலைக்காரர்களுக்குத் தனியாக: இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் காற்று ஈரமாக இருப்பதால் நீர் ஆவியாவது குறையும், மின்விசிறி வைத்தும் தண்ணீர் சரியாகக் குளிராது. 28 டிகிரியைத் தாண்டினால் விளக்கு எரியும் நேரத்தை 6 மணி நேரமாகக் குறையுங்கள். மூடியில் படியும் உப்பை வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும். ஒளியை அது நன்றாகவே மறைக்கும்.

கல் பவளம் கேட்டவர்களுக்கு: அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது, கடலிலிருந்து எடுக்காதீர்கள்.