சைடு ஓப்பன் எத்தனை அங்குலத்தில் இருந்தால் காலேஜ் கேட்டில் விடுவார்கள்?

வண்ணாரப்பேட்டை டெய்லர்:

எல்லோருக்கும் வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் லேடீஸ் டெய்லர் கடை வைத்திருக்கிறேன். 27 வருஷமாக மிஷின் மிதிக்கிறேன். பாதி வேலை காலேஜ் பெண்களுக்குத்தான். இத்தனை வருஷத்தில் என் தையல் ஒரு கேட்டில் மாட்டிக்கொண்டது இதுதான் முதல் தடவை. அதுவும் என் சொந்த மகளுக்குத் தைத்தது.

மகள் இந்த வருஷம் ஓஎம்ஆர் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் சேர்ந்திருக்கிறாள். காலேஜ் பெயர் வேண்டாம். அட்மிஷன் அன்றைக்கே ஒரு தாள் கொடுத்தார்கள். ஆண்களுக்கு இன் பண்ணிய சட்டை, பெல்ட், ஷூ, தாடி கூடாது. அவ்வளவுதான், நாலு வரி. பெண்களுக்கு முக்கால் பக்கம். சுடிதார் மட்டும், லெக்கின்ஸும் ஜீன்ஸும் கூடாது, ஷால் இரண்டு தோளிலும் பின் குத்தியிருக்க வேண்டும், டாப்ஸ் 'அடக்கமான' நீளம், சைடு ஓப்பன் 'அதிகமாக' இருக்கக் கூடாது.

எம்.சி. ரோட்டில் காட்டன் பிட் எடுத்தேன். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டு, நிழலில் காயவைத்து, அப்புறம்தான் வெட்டினேன். (காட்டனை நனைக்காமல் வெட்டுகிறவன் டெய்லரே இல்லை. இரண்டு துவையலில் சுருங்கி மேலே ஏறிவிடும்.) ஆறு செட். டாப்ஸ் நீளம் 42. தோளிலிருந்து 21 அங்குலத்தில் சைடு ஓப்பன் (பக்கவாட்டுப் பிளவு) ஆரம்பிக்கும். அவள் உயரத்துக்கு அதுதான் கணக்கு. 27 வருஷமாக அப்படித்தான் வைக்கிறேன், யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

மூன்றாம் நாள் கேட்டில் நிற்கிற மேடம் நிறுத்திவிட்டார். ஓப்பன் மேலே இருக்கிறதாம். எவ்வளவு இறக்கணும் மேடம் என்று மகள் கேட்டிருக்கிறாள். 'டீசன்ட்டா இருக்கணும்.' நானே ஆபீசுக்கு போன் போட்டேன். அதே பதில். 'மேடம், நான் டெய்லர். அங்குலம் சொல்லுங்க, நாளைக்கே தைத்துவிடுகிறேன்' என்றேன். வைத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஆறையும் 23-க்கு இறக்கினேன். திங்கள்கிழமை பச்சை செட், விட்டுவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை மெரூன் செட், வேறு ஒரு மேடம், நிறுத்திவிட்டார். இரண்டையும் மேஜையில் ஒன்றன்மேல் ஒன்று போட்டு டேப் வைத்துப் பார்த்தேன். அரை நூல் வித்தியாசம் கிடையாது.

25-க்கு இறக்கலாம். ஆனால் கால் எட்டிவைத்து நடக்க முடியாது. காலையில் ஆறு மணி காலேஜ் பஸ், அதில் முதல் படியே முழங்கால் உயரம்.

உங்கள் காலேஜ்களில் என்ன அளவு ஓடுகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மகள், 'ரெடிமேட் வாங்கிக் கொடுத்துடுப்பா, பிரச்சினையே இல்லை' என்கிறாள். 'நீ தைச்சா எல்லாம் ஒரே மாதிரி இருக்கு' என்றும் சொன்னாள். அது வேறு பஞ்சாயத்து, இங்கே வேண்டாம்.

கிண்டி சைக்கிள்:

ஐஐடி-யில் பசங்க அரை டிரவுசரும் ரப்பர் செருப்புமாக சைக்கிளில் வகுப்புக்குப் போகிறார்கள். அதுவும் இன்ஜினியரிங் காலேஜ்தான், இதே சென்னைதான். எந்த பில்டிங்கும் இடிந்து விழவில்லை. 2014-ல் வேட்டி கட்டினவரை கிளப்பில் விடவில்லை என்று சட்டமே போட்டார்கள் இல்லையா? அந்தச் சட்டத்தைக் காட்டுங்கள் சார்.

வண்ணாரப்பேட்டை டெய்லர்:

தம்பி, நீங்கள் சொல்கிற கேட்டுக்குள் போக முதலில் ஜேஇஇ என்று ஒன்று எழுத வேண்டுமாமே. சட்டம் கிளப், சங்கம் மாதிரி இடங்களில் வேட்டி கட்டினவரைத் தடுக்கக் கூடாது என்பதற்கு. என் மகள் வேட்டி கட்டிக்கொண்டா போகிறாள்?

ஃபைனல் இயர் ஈசிஈ:

அங்கிள், நானும் ஓஎம்ஆர் பக்கம்தான், வேறு காலேஜ். அளவு என்று எதுவும் கிடையாது. எந்த மேடம் நிற்கிறார் என்பதுதான் அளவு. எங்கள் பஸ் குரூப்பில் காலையிலேயே 'இன்னைக்கு கேட்ல யாரு' என்று மெசேஜ் வந்துவிடும். அதைப் பார்த்து ஷாலைச் சரிபண்ணிக்கொண்டு இறங்குவோம்.

நான் நாலு வருஷத்தில் கண்டுபிடித்த ஒரே வழி, ஓப்பனே இல்லாமல் ஏ-லைன். ஓப்பன் இருந்தால்தானே மேலே கீழே என்ற பேச்சு? கீழே அகலமாக இருப்பதால் படி ஏறவும் கஷ்டம் இல்லை. ரெடிமேடில் ரேயான் ஏ-லைன் நிறைய கிடைக்கும், ஆனால் பாதிக்குப் பாக்கெட் இருக்காது. நீங்கள் தைப்பதாக இருந்தால் தயவுசெய்து பாக்கெட் வையுங்கள் அங்கிள். போன், பஸ் பாஸ், ஐடி கார்டு எல்லாவற்றையும் கையிலேயே பிடித்துக்கொண்டு அலைகிறோம். பசங்களுக்கு நாலு பாக்கெட், எங்களுக்கு ஒன்றுகூடக் கிடையாது.

இன்னொன்று. ஷாலுக்கு தினமும் பின் குத்திக் குத்தி என் நாலு டாப்ஸில் தோள் கிழிந்திருக்கிறது. அதற்கும் ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.

பாண்டி பஜார் பையன்:

இதற்கு ஒரு யூனிஃபார்ம் போட்டுவிட்டால் முடிந்தது. எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி.

2005 பேட்ச்:

ஐயா, கேட்டில் நிற்கிற மேடம்களில் நானும் ஒருத்தி. உங்கள் மகள் காலேஜ் இல்லை என்று நினைக்கிறேன். பெயர் சொல்லாமல் எழுதுகிறேன்.

முதலில் பழைய கதை. 2005-ல் நான் செகண்ட் இயர். அந்த வருஷம்தான் அண்ணா பல்கலைக்கழகம் ஜீன்ஸ், டி-ஷர்ட், ஸ்லீவ்லெஸ் எல்லாம் கூடாது என்று உத்தரவு போட்டது. அதன் கீழ் இருந்த காலேஜ்களுக்கும் சேர்த்து. பேப்பர், டிவி எல்லாவற்றிலும் ஒரே சண்டை. எங்கள் ஹாஸ்டலில் ஒரு ராத்திரி முழுக்க அதைப் பற்றித்தான் பேச்சு. என்னிடம் இருந்ததே ஒரு ஜீன்ஸ், அதுவும் அக்காவுடையது. அதை ஊருக்குப் பார்சல் கட்டி அனுப்பியபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இப்போது மாதத்தில் இரண்டு நாள் எனக்கு டிசிப்ளின் கமிட்டி டூட்டி. காலை 7.40-க்குக் கேட்டில் நிற்க வேண்டும். நான் புடவையில்தான் நிற்க வேண்டும், எனக்கும் ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். என் கையில் டேப் கிடையாது. பஸ் பஸ்ஸாக இறங்குவார்கள், இருபது நிமிஷத்தில் ஆயிரத்துக்கு மேல் பிள்ளைகள். யாரையும் நிறுத்தவில்லை என்றால் மேலே இருந்து கேள்வி வரும், 'மேடம் டூட்டி பார்த்தீங்களா?' அதனால் ஐந்து பேரையாவது நிறுத்தி நோட்டில் எழுத வேண்டும். யாரை நிறுத்துகிறோம்? உண்மையைச் சொல்கிறேன். கண்ணில் படுகிறவர்களை. டார்க் டாப்ஸுக்கு வெள்ளை பேன்ட் போட்டால் ஓப்பன் பளிச்சென்று தெரியும். உங்கள் பச்சை செட்டுக்குப் பச்சை பேன்ட்டும் மெரூனுக்கு வெளிர் நிறப் பேன்ட்டும் தைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சரியா?

கொஞ்சம் உயரமான, பூசினாற்போல் இருக்கிற பெண்கள்தான் அதிகம் மாட்டுவார்கள். அதே அளவு டாப்ஸை ஒல்லியான பெண் போட்டால் யாரும் பார்ப்பதில்லை. இதை ஸ்டாஃப் மீட்டிங்கில் ஒரு தடவை சொன்னேன். காபி வந்துவிட்டது, பேச்சு மாறிவிட்டது.

எனக்கு உண்மையாகவே கவலை தருகிற உடை கேட்டில் இல்லை, ஒர்க் ஷாப்பில் இருக்கிறது. லேத் ஓடும்போது தொங்குகிற ஷால் எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்குத் தெரியும், நீங்களும் மிஷின் ஓட்டுகிறவர். சுற்றிக்கொண்டால் கழுத்தோடு இழுத்துவிடும். அதனால் அங்கே ஷாலைக் கழற்றி வைத்துவிட்டுக் கோட் போடச் சொல்வோம். வெல்டிங்கிலும் கெமிஸ்ட்ரி லேபிலும் பாலியஸ்டர் வேண்டவே வேண்டாம். நெருப்பு பட்டால் உருகித் தோலில் ஒட்டும். காட்டன் அப்படி ஒட்டாது. நீங்கள் காட்டனில் தைத்தது நல்லது. ரெடிமேட் வாங்கினால் உள்ளே இருக்கிற லேபிளைப் பார்த்து வாங்குங்கள். ஷூவும் அப்படித்தான். கேட்டில் நிற்கிறவர்கள் பாலிஷைப் பார்ப்பார்கள், நான் லேபில் விரல் மூடியிருக்கிறதா என்று பார்ப்பேன்.

வண்ணாரப்பேட்டை டெய்லர்:

மேடம், மெரூனுக்குக் கிரீம் கலர் பேன்ட். எப்படிச் சொன்னீர்கள்! நான் டேப்பை வைத்துக்கொண்டு இரண்டு நாள் தூங்கவில்லை.

ஷால் விஷயம் எனக்கு நன்றாகத் தெரியும். கடையில் பையனாக இருந்தபோது ஒரு அக்காவின் தாவணி மோட்டார் பெல்ட்டில் மாட்டி, முதலாளி ஓடிவந்து கத்தரியால் வெட்டினார். அன்றிலிருந்து என் கடையில் மிஷினில் உட்காருகிறவர்கள் யாராக இருந்தாலும் முந்தானையை இடுப்பில் செருகித்தான் உட்கார வேண்டும்.

ஃபைனல் இயர் பாப்பாவுக்கு: பின் குத்துகிற இடத்தில், தோள் தையலுக்கு உள்பக்கம் இரண்டு அங்குல கேன்வாஸ் துண்டு ஒன்று வைத்துத் தைக்கச் சொல்லும்மா. கிழியாது. இல்லையென்றால் தோளில் சின்னப் பட்டி ஒன்று வைத்து பிரஸ் பட்டன் அடித்துவிட்டால் பின் குத்தவே வேண்டாம். ஷால் அதற்குள் நிற்கும். முன்பு நர்சுகளுக்கு அப்படித் தைத்துக் கொடுத்திருக்கிறேன்.

ஏ-லைன் யோசனைக்கு நன்றி. எனக்குத் தோன்றாமல் போனதற்குக் காரணம் கஞ்சத்தனம்தான். இரண்டேகால் மீட்டரில் முடிகிற டாப்ஸுக்கு ஏ-லைன் என்றால் இரண்டேமுக்கால் வேண்டும். லெக்கின்ஸ் வந்ததிலிருந்தே எங்களுக்குக் கை இறுகிவிட்டது. முன்பு பட்டியாலா பேன்ட் ஒன்றுக்கே நாலு மீட்டர் துணி, தையல் கூலியும் தனி. லெக்கின்ஸ் வந்த பிறகு பேன்ட் தைக்க யாரும் வருவதில்லை, டாப்ஸ் மட்டும்தான். இந்தக் காலேஜ்கள் லெக்கின்ஸ் வேண்டாம் என்பதில் எனக்குக் கொஞ்சம் வியாபாரம் இருக்கிறது, மறைக்கவில்லை. மகளுக்குத்தான் அது பிடிக்கவில்லை.

ஃபைனல் இயர் ஈசிஈ:

அங்கிள், சூப்பர். பாக்கெட் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

வண்ணாரப்பேட்டை டெய்லர்:

நேற்று ராத்திரி ஒன்று தைத்துவிட்டேன். நேவி ப்ளூ, அதே கலர் பேன்ட். ஓப்பன் இல்லை. கீழ்ச்சுற்று 64. வலது பக்கத் தையலில் பாக்கெட், ஆழம் 9 அங்குலம், போன் முழுசாக உள்ளே போகிறது. இடது பக்கமும் ஒன்று வை என்றாள். வைத்தேன். இன்றைக்கு இரண்டு மேடம்களும் கேட்டில் நின்றிருக்கிறார்கள், ஒன்றும் சொல்லவில்லையாம். ஒரு சீனியர் பெண் மட்டும் நிறுத்தி, பாக்கெட் எங்கே வாங்கினது என்று கேட்டிருக்கிறாள்.

ஃபைனல் இயர் ஈசிஈ:

எனக்கும் ரெண்டு வேணும் அங்கிள். வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் இறங்கினால் வந்துவிடலாமா?

வண்ணாரப்பேட்டை டெய்லர்:

வரலாம்மா. ஆனால் தீபாவளி ஆர்டர் மூடியாச்சு. துணியை இப்போதே எடுத்து நனைத்து வை, பண்டிகை முடிந்து மறு வாரம் கொண்டு வா. அளவு டாப்ஸ் ஒன்று கையோடு கொண்டு வா, கிழிந்த தோளும் பார்த்துவிடலாம்.