14 வயசு, வாரத்துக்கு 312 பந்து: இது சரியா?

பையனோட_அம்மா:
என் பையன் ஒன்பதாவது படிக்கிறான். கிரிக்கெட்ல வலது கை வேகப்பந்து. ரெண்டு மாசமா கீழ்முதுகுல இடது பக்கம் வலி. பிடிப்புன்னு நினைச்சுத் தைலம் தேய்ச்சே அனுப்பிட்டிருந்தேன். போன வாரம் பிசியோ அவனை இடது கால்ல மட்டும் நிக்க வெச்சு, பின்னாடி வளையச் சொன்னார். பாதிகூட வளையல, கண்ணுல தண்ணி வந்துடுச்சு. எம்ஆர்ஐல ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், அதாவது திரும்பத் திரும்ப அழுத்தம் விழுந்து முதுகெலும்புல முறிவு. 3 மாசம் பந்து போடக் கூடாது.

அன்னிக்கு ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். அகாடமி நெட்ஸ் 4 நாள், நாளுக்கு 8 ஓவர். ஸ்கூல் டீம் 2 நாள், 6 ஓவர். ஞாயிறு மேட்ச் 8 ஓவர். மொத்தம் 312 பந்து. ஓய்வுன்னு ஒரு நாள்கூட இல்ல.

நெட்ஸ்_கோச்:
மேடம், படிக்கவே கஷ்டமா இருக்கு. ஆனா எண்ணிக்கை மேல மட்டும் பழி போடாதீங்க. இங்கிலாந்து கிரிக்கெட் போர்டு 14, 15 வயசுக்குப் பல வருஷமா வெச்சிருந்த அளவே ஸ்பெல்லுக்கு (ஒரே தொடர்ச்சியாப் போடுறதுக்கு) 6 ஓவர், நாளுக்கு 12. உங்க பையன் எந்த நாளும் 8 தாண்டல. முதல்ல ஆக்‌ஷனை, அதாவது பந்து போடுற முறையைப் பாருங்க. இடுப்பு ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம் திரும்பினா கம்மியாப் போட்டாலும் முதுகு போகும். 1973-ல இதே முறிவால படுத்த ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லி, திரும்பி வந்து இன்னும் பத்து வருஷம் ஆடினார். பிறகு நம்ம சென்னையில எம்ஆர்எஃப் பேஸ் ஃபவுண்டேஷன்ங்கிற வேகப்பந்துப் பயிற்சி மையத்துலயே பசங்களைத் தயார் பண்ணினார்.

பிசியோ_மதுரை:
கோச் சார், ஆக்‌ஷன் பத்தி நீங்க சொல்றது சரி. ஆனா நாள் கணக்கை மட்டும் பார்த்துட்டு வாரக் கணக்கை விட்டுட்டீங்க. முன்கால் ஊனும்போது உடம்பு எடையைப் போலப் பல மடங்கு விசை இறங்குது. முதுகெலும்புல நுண்ணிய சேதம் ஆகும். ஓய்வு கிடைச்சா உடம்பே சரிபண்ணிக்கும். ஏழு நாளும் போட்டா எப்போ சரிபண்ணும்? வளர்ற வயசுல அந்த எலும்பு இன்னும் முழுசா முதிர்ந்திருக்காது. ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் பாட் கம்மின்ஸ் 2011-ல 18 வயசுல முதல் டெஸ்ட்லயே ஒரே இன்னிங்ஸ்ல 6 விக்கெட் எடுத்தார். அடுத்த டெஸ்ட் 2017-ல, ராஞ்சியில. நடுவுல முதுகுக் காயம் திரும்பத் திரும்ப வந்தது. ஆஸ்திரேலியாவோட வசதி அத்தனையும் இருந்தும் அந்த நிலைமை.

இன்னொண்ணு, எக்ஸ்ரேல ஒண்ணுமில்லைன்னா நிம்மதி ஆயிடாதீங்க. ஆரம்பக் கட்டத்துல அதுல பெரும்பாலும் தெரியாது.

நெட்ஸ்_கோச்:
சரி, ஆனா செலக்‌ஷன் யாருக்காகவும் நிக்காது சார். என்கிட்ட வர்ற பசங்கள்ல பாதிப் பேர் ஆட்டோ ஓட்டுறவங்க, டீக்கடை வெச்சிருக்கிறவங்க வீட்டுப் பிள்ளைங்க. அண்டர்-16 வாய்ப்பு கைவிட்டுப் போனா அடுத்த வருஷம் அதுக்கு வயசு இருக்காது. அவங்க அப்பாகிட்ட போய் "3 மாசம் பந்து போட வேண்டாம்"னு நான் எப்படிச் சொல்றது?

பழைய_மாவட்ட_பிளேயர்:
நான் 16 வயசுல நின்னு போனவன் சார். வலியைச் சொன்னா டீம்ல இடம் போயிடும்னு மறைச்சேன். கடைசியில இடமும் போச்சு, முதுகும் போச்சு. வசதி இல்லாத வீட்டுப் பையனுக்குத்தான் ஸ்கேனுக்குக் காசு கிடையாது, ரெண்டாவது வாய்ப்பும் கிடையாது. அவனைத்தான் இன்னும் பத்திரமாப் பார்த்துக்கணும்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் வாரம் 1, 2 நாள் முழு ஓய்வு, வருஷத்துல மொத்தம் 3 மாசம் தன் விளையாட்டுல இருந்து இடைவெளின்னு சொல்லுது. சேர்ந்தாப்ல வேண்டாம், ஒவ்வொரு மாசமாப் பிரிச்சு எடுக்கலாம். 15, 16 வயசு வரைக்கும் ஒரே விளையாட்டுல முடங்க வேண்டாம்னும் சொல்லுது.

பையனோட_அம்மா:
கோச் சார், உங்களை மாதிரித்தான் அவன் அகாடமி கோச்சும். நல்ல மனுஷர். ஸ்கூல்ல அவன் 12 ஓவர் போடுறது அவருக்குத் தெரியாது. நெட்ஸ்ல 32 போடுறது பிடி மாஸ்டருக்குத் தெரியாது. எனக்கு மட்டும்தான் ரெண்டும் தெரியும், நான் எண்ணல.

நெட்ஸ்_கோச்:
மேடம், அண்டர்-16 செலக்‌ஷனை விடச் சொல்லி நான் எந்தப் பையன்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா நாளைக்கே என் பசங்க 22 பேர்கிட்டயும் ஸ்கூல்ல எத்தனை ஓவர் போடுறாங்கன்னு கேக்கறேன். இதுவரைக்கும் கேட்டதில்ல.